யாரை யார் கண்காணிப்பது?

2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8ஆம் தேதி மத்திய அரசின் ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநில அரசுகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பிற்று. நூறு நாள் வேலை நடக்கும் இடங்களில் தொழிலாளர்களின் வருகையைப் பதிவு செய்வதற்கென்று தானே உண்டாக்கிய கைப்பேசிச் செயலி எவ்வெவ்வாறு துஷ்பிரயோகம் செய்யப்படுகிறது என்பதை அமைச்சகம் அதில் வரிசைப்படுத்தியிருந்தது. வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன; ஆட்களை நேரில் படம் எடுக்காமல், முன்பே எடுத்த படத்தையே மறுபடி படம் எடுத்து அனுப்புகிறார்கள்; படத்தில் காணும் தலைகளும் பட்டியலில் உள்ள பெயர்களும் எண்ணிக்கையில் ஒத்துப்போவதில்லை; ஒரே ஆட்கள் பல பட்டியல்களுக்கான படங்களில் தோன்றுகிறார்கள்; பிற்பகல் படம் பல இடங்களில் எடுக்கப்படுவதே இல்லை. இவற்றுக்கெல்லாம் பரிகாரமாக அமைச்சகம் விதித்தது என்னவென்றால், ஊராட்சி அளவில் அந்தந்த நாளின் படங்கள் அனைத்தையும் மனிதர்களே பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்பதாகும்.

மனிதர்களை நம்ப முடியாது என்று சொல்லி யந்திரத்தைக் கொண்டுவந்து, பிறகு யந்திரத்தை நம்ப முடியாது என்று மனிதர்களைக் காவல் வைத்திருக்கிற இந்தச் செய்தியைப் படித்த நண்பர்களில் பலர், ஏழைகளுக்கென்று எதைச் செய்தாலும் திருட்டு நடக்கத்தான் நடக்கும் என்று சலித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள். வேறு சிலர், இன்னும் திறமையான யந்திரம் வர வேண்டும், முகத்தையே அடையாளம் காணும் நுட்பம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். இவ்விரண்டு அபிப்பிராயங்களும் எனக்கு உடன்பாடில்லை. திருடுகிறவர்கள் யார், அந்தத் திருட்டைத் தடுப்பதாகச் சொல்லி யாருடைய முகத்துக்கு நேரே கருவியை நீட்டுகிறோம் என்ற கேள்வியை நம்மில் மிகச் சிலரே கேட்டோம் என்பதுதான் என் மனத்தை வருத்துகிற விஷயம்.

இந்தக் கேள்வியைக் கேட்கக் கடலூர் மாவட்டத்துக்கு விசேஷமான உரிமை உண்டு. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2006 பிப்ரவரியில், நூறு நாள் வேலை என்று நாம் சொல்லுகிற தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் நாட்டில் 200 மாவட்டங்களில் தொடங்கப்பட்டபோது, தமிழ்நாட்டில் முதன்முதலாக அதைப் பெற்ற ஆறு மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. அம்மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் நடுவே, வெள்ளாற்றின் அருகே கரும்பும் நெல்லும் விளையும் பூமியில் அமைந்த பெண்ணாடம் பேரூராட்சியாக இருப்பதால் ஊருக்குள் அந்த வேலை கிடையாது. ஆனால் கடைவீதிக்குச் சாமான் வாங்கவும் ரயில் ஏறவும் வந்துபோகிற சுற்றுக் கிராமத்துப் பெண்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு பருவத்தில் ஏரியிலோ வாய்க்காலிலோ மண் சுமந்தவர்களே. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் பெண்கள். கரும்பு வெட்டு இல்லாத மாதங்களில், நடவும் களையும் இல்லாத நாட்களில், கணவன் கையையோ மகன் கையையோ எதிர்பாராமல் தன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் பணம் வந்து சேர்வது என்பது, அந்தப் பெண்களின் வாழ்க்கையில் எத்தனை பெரிய மாறுதலைச் செய்தது என்பதை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சென்ற ஆண்டு, பெண்ணாடத்தை அடுத்த ஓர் ஊராட்சியில் வாய்க்கால் தூர்வாரும் வேலை நடந்த இடத்தில் ஒரு பகல் முழுவதும் இருந்து பார்த்தேன். வெயில் ஏறுவதற்கு முன்பே பெண்கள் மண்வெட்டியும் பாண்டுமாக வந்து இறங்கியிருந்தார்கள். வேலையைத் தொடங்க வேண்டிய நேரத்தில் தொடங்க முடியவில்லை; ஏனென்றால் படம் எடுபடவில்லை. பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவள் அதே ஊரில் வாழ்க்கைப்பட்ட இளம்பெண். கையில் இருந்தது அவளுடைய சொந்தக் கைப்பேசி. அதற்குக் காசு கட்டுகிறவளும் அவளே. இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் நேரமும் பதிவாகிற மாதிரி படத்தை எடுத்து ஏற்றினால்தான் அன்றைய வருகை செல்லும் என்பதால், டவர் கிடைக்கிற இடத்தைத் தேடி அவள் கரைமேல் இங்கும் அங்கும் நடந்தாள். கீழே நின்ற பெண்கள், முக்காட்டை விலக்கிக்கொண்டு, அவள் போகிற திசையெல்லாம் முகத்தைத் திருப்பியபடி இருந்தார்கள்.

“பெரியம்மா, தலைய நிமித்துங்க, மூஞ்சி தெரியல” என்றாள் அவள்.

“இந்த மூஞ்சியப் பாத்துதான் டெல்லியில கூலி போடப்போறானா?” என்று கேட்டாள் அந்த மூதாட்டி. யாரும் சிரிக்கவில்லை. எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ படம் ஏறிற்று. அதற்குள் நல்ல வெயில் வந்துவிட்டது.

அதன் பிறகு நடந்த வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். வெட்டுகிற பகுதியின் நீள அகலங்கள் முன்கூட்டியே கயிறு பிடித்துக் குறிக்கப்பட்டிருந்தன. எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறார்கள் என்று பிறகு அளந்து பார்ப்பதற்காகக் குழியின் நடுவே ஒரு மண் திட்டை அப்படியே வெட்டாமல் விட்டிருந்தார்கள். அதன் உச்சியில் பழைய புல் அப்படியே நின்றது. அந்தத் திட்டின் உயரமே அன்றைய உழைப்பின் அத்தாட்சி. இந்தத் திட்டத்தில் மண் வேலைக்குக் கூலி என்பது வெட்டிய மண்ணின் கன அளவைக் கணக்கிட்டுத் தரப்படுவது. 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் விதிக்கப்பட்ட நாளொன்றுக்கு 336 ரூபாய் என்பது குறிப்பிட்ட அளவு மண்ணை வெட்டி முடித்தவர்களுக்கு உரியது. அப்படியிருக்க, காலையில் ஒரு படமும் சில மணி நேரம் கழித்து இன்னொரு படமும் எதற்காக? சீக்கிரம் வந்து, சீக்கிரம் வெட்டி, அளவை முடித்துவிட்ட பெண்ணை, இரண்டாவது படத்துக்காக வெயிலில் உட்கார வைப்பதால் மண் கூடுதலாக வெட்டப்படுகிறதா? ஆடு மாடு கட்டிக் கிடக்கிறது, குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடும் என்று தவித்துக்கொண்டு அவர்கள் காத்திருந்ததைப் பார்க்கையில், அந்தச் செயலி வேலையை அளக்கவில்லை, ஆளைக் கட்டிப்போடுகிறது என்பது எனக்கு ஸ்பஷ்டமாக விளங்கிற்று.

தேசிய கைப்பேசிக் கண்காணிப்பு முறை என்ற பெயரில் 2021 மே மாதத்தில் தொடங்கிய இந்த ஏற்பாடு, 2022 மே மாதத்தில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கும், 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து, தனிநபர் பயன்பெறும் பணிகள் நீங்கலாக, எல்லா இடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அதன் பின்னாலேயே, ஆதார் எண்ணை அடிப்படையாகக் கொண்டு மட்டுமே கூலி பட்டுவாடா செய்யப்படும் என்ற ஆணையும் வந்து, பல முறை தவணை நீட்டப்பட்டு, 2024 ஜனவரி முதல் தேதியன்று அமலுக்கு வந்துவிட்டது. வேலை அட்டையில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்று யந்திரம் எதிர்பார்க்கிறது. நம் பெண்களுடைய பெயரை நினைத்துப் பாருங்கள். ஓர் அட்டையில் தகப்பன் பெயரின் இனிஷியல், இன்னொன்றில் கணவன் பெயரின் இனிஷியல். ஒன்றில் அது முன்னால், மற்றொன்றில் பின்னால். லட்சுமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எழுத எத்தனை குமாஸ்தாக்களோ அத்தனை விதம். போதாக்குறைக்கு, ஒரு பெண்ணுக்கு இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்தால், ஆதாரோடு கடைசியாக எது இணைக்கப்பட்டதோ அதற்குப் பணம் போய்விடும். தான் வழக்கமாகப் போகிற வங்கியில் பணம் வரவில்லை என்று அவள் மாதக்கணக்கில் நடந்துகொண்டிருப்பாள்.

விரல் ரேகை விஷயத்தைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அறிவார்கள். கரும்புச் சோகையும் அரிவாள் பிடியும் தேய்த்துவிட்ட விரல்களைக் கண்ணாடியின்மேல் வைத்து, எடுத்து, முந்தானையில் துடைத்து, மறுபடி வைத்து, “ரேகை விழலம்மா, நாளைக்கு வா” என்ற பதிலைக் கேட்டுத் திரும்புகிறவள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. உழைத்ததே அவள் செய்த காரியம். அந்த உழைப்பே அவள் அடையாளத்தை அழித்திருக்கிறது.

இந்த இடத்தில் பெண்ணாடத்தின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. மெய்கண்டார் பிறந்த ஊர் என்ற பெருமைக்கும் முந்தியது அது. தூங்கானைமாடம் என்று புகழ்பெற்ற இந்த ஊர்க் கோயிலில், திருநாவுக்கரசர் தம் தோள்களில் சூலமும் இடபமும் பொறிக்கப்பெற வேண்டுமென்று இறைவனிடம் விண்ணப்பித்து அவ்வாறே பெற்றார் என்று பெரிய புராணம் கூறுகிறது. தாம் யாருக்கு உரியவர் என்பதைத் தாமே நிர்ணயித்துக்கொண்ட ஒரு மனிதர், தாமே வேண்டி, தம் உடம்பின்மேல் ஏற்றுக்கொண்ட அடையாளம் அது. அடையாளம் என்பது கேட்டுப் பெறுகிறபோது கௌரவமாகிறது. கேட்காதவள் முகத்தையும் விரலையும் விழியையும் எடுத்துக்கொண்டு, தராவிட்டால் கூலி இல்லை, அரிசி இல்லை என்று சொல்லுகிறபோது அங்கே சம்மதம் என்ற சொல்லுக்கே இடமில்லாமல் போய்விடுகிறது. 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் என்பது பிரஜைகளின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். வாய்க்காலில் மண் வெட்டுகிற பெண்ணும் பிரஜைதான் என்பதை அந்தத் தீர்ப்பு எங்கும் விலக்கி வைக்கவில்லை.

களவே நடக்கவில்லை என்று நான் வாதிக்க வரவில்லை. இல்லாத ஆளுக்குப் பெயர் எழுதியதும், செத்தவர் பெயரில் கூலி எடுத்ததும், ஜே.சி.பி. யந்திரத்தை விட்டு வேலையை முடித்துவிட்டு ஆட்கள் வெட்டியதாகக் கணக்கு எழுதியதும் நாடெங்கும் நடந்தவையே. ஆனால் இந்தக் களவைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்ற சரித்திரத்தை நாம் மறந்துவிடக் கூடாது. ராஜஸ்தானத்தில் 1990ஆம் ஆண்டு மே தினத்தன்று அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் முதலானோர் கிராமத்து ஏழைகளோடு சேர்ந்து தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் ஜனங்களைக் கூட்டி, வேலைக்கு வந்தவர்களின் பட்டியலை எல்லாருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தது. வாசிக்க வாசிக்க, வேலைக்கே வராதவர்களின் பெயர்கள் வெளிப்பட்டன. கட்டாத கட்டடம், வாங்காத சிமெண்டு, கொடுக்காத கூலி எல்லாம் அந்தக் கூட்டங்களில்தான் அம்பலமாயின. இந்தப் பட்டியலின் நகலைக் கொடு என்ற அந்த ஏழைகளின் கோரிக்கையே வளர்ந்து, 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாகப் பரிணமித்தது. அதே ஆண்டில் வந்த வேலை உறுதிச் சட்டத்திலும், கணக்குகளைக் கிராம சபை சமூகத் தணிக்கை செய்யலாம் என்ற உரிமை எழுதப்பட்டது. யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி பெற்றார் என்ற விவரம் முழுவதும் அரசின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி வைக்கப்பட்டது.

அன்றைக்குக் கணினி ஏழையின் பக்கம் நின்றது. அதிகாரியின் பதிவேட்டை அவளால் பார்க்க முடிந்தது. லிப்டெக் இந்தியா என்ற ஆய்வுக் குழுவினர் அந்த இணையதளத்தின் விவரங்களையே தோண்டி எடுத்து, கூலி தாமதமாவதற்கு ஊராட்சியும் மாநிலமும் மட்டும் காரணமில்லை, மத்திய அரசின் மட்டத்திலேயே பணம் நின்றுபோகிறது, அந்தத் தாமதத்துக்கு நஷ்டஈடு கணக்கிடப்படுவதே இல்லை என்பதை நிரூபித்தார்கள். ஸ்வராஜ் அபியான் என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில் 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அந்தத் தாமதக் காலத்துக்கும் தொழிலாளர்களுக்கு நஷ்டஈடு உண்டு என்று சொல்லிற்று. தொழில்நுட்பம் படித்தவர்கள் செய்யக்கூடிய தர்மகாரியம் எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் காட்டுவேன்.

இன்று அந்தப் பார்வையின் திசை மாறிவிட்டது. தொழிலாளியின் முகம் தினமும் மேலே போகிறது. மேலே இருக்கிறவர்களின் கணக்கு கீழே வரும் வழி குறுகிவருகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தி, தனிநபர் சம்பந்தப்பட்ட தகவல் என்றாலே மறுத்துவிடுவதற்கு வழி செய்தது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் அமலுக்கும் வந்துவிட்டது. பொதுநலன் பெரிதானால் தரலாம் என்ற பிரிவு சட்டத்தில் இன்னும் இருக்கிறது என்று சமாதானம் சொல்லுகிறார்கள். அதைக் கேட்டு வாங்க ஒரு கிராமத்துப் பெண் எத்தனை மேல்முறையீடு செய்ய வேண்டும்? வருகைப் பட்டியல் என்பது பெயர்களின் பட்டியல்தானே? பெயர்களைத் தர முடியாது என்று ஓர் அலுவலர் நாளைக்குக் கையை விரித்தால், கோட் கிரானாவில் நடந்ததைப் போல வாசிப்பதற்கு என்ன மிஞ்சும்?

பெயர் நீக்கத்தைப் பற்றிய ஒரு புள்ளிவிவரத்தையும் வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். மத்திய அமைச்சர் மக்களவையில் தந்த பதிலின்படி, 2021-22இல் இத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளர்களின் பெயர்கள் 1 கோடியே 49 லட்சம். அடுத்த ஆண்டான 2022-23இல் 5 கோடியே 18 லட்சம். போலி, இரட்டைப் பதிவு, ஊர் மாறியவர், இறந்தவர், வேலை செய்ய விருப்பமில்லாதவர் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஓராண்டுக்குள் மூன்று மடங்குக்கு மேல் பெருகும்படி அத்தனை பேர் இறந்தார்களா, ஊர் மாறினார்களா? ஆதாரை இணைத்து முடிக்கும்படி கீழ்மட்ட ஊழியர்கள் நெருக்கப்பட்ட காலம் அது என்பதை யோசிக்கிறவர்களுக்கு விடை தேடுவது கஷ்டமில்லை.

இணையத்தை நன்கு பயன்படுத்தத் தெரிந்த நம் நகரத்துப் படித்த வர்க்கத்திடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 2015ஆம் ஆண்டு, இணையத்தில் சில தளங்களுக்குச் சலுகையும் சிலவற்றுக்குத் தடையும் வரக்கூடும் என்ற அபாயம் எழுந்தபோது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் போயின. 2016 பிப்ரவரி 8ஆம் தேதி ஆணையம் பாரபட்சமான கட்டணங்களைத் தடை செய்தது. ஃபேஸ்புக் நிறுவனத்தின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் நம் நாட்டை விட்டு விலகிற்று. அது நியாயமான வெற்றி. அதில் பங்கு கொண்டவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் 2023 பிப்ரவரியில், இந்தச் செயலியையும் ஆதார்ப் பட்டுவாடாவையும் எதிர்த்து, பல மாநிலங்களிலிருந்து முறை வைத்துக்கொண்டு வந்த தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் நூறு நாள் தர்ணாவைத் தொடங்கியபோது, அந்தப் பத்து லட்சம் பேரில் எத்தனை பேர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள்? நமக்கு வேகம் குறைந்தால் அது உரிமைப் பிரச்சினை, மண் சுமக்கிற பெண்ணுக்குக் கூலி நின்றால் அது நிர்வாகக் கோளாறு என்று நினைக்கிற மனோபாவத்தை விட்டொழிக்காமல், இணைய உரிமை என்று நாம் பேசுவதில் சத்தியம் இருக்காது.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. பக்கத்து விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருளைக் கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்து வருகிற லினக்ஸ் பயனர் குழுவினர் இருக்கிறார்கள். சென்னையில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் இருக்கிறார்கள். இத்தகைய இளைஞர்கள் தங்கள் மாவட்டத்து ஊராட்சிகளின் கூலிக் கணக்கை இணையதளத்திலிருந்து இறக்கி, தெளிவான தமிழில் அச்சிட்டு, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவார்களேயானால், எந்தச் செயலியும் பிடிக்காத திருடனை ஊர் பிடித்துவிடும்.

2025 டிசம்பரில் பாராளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. நூறு நாள் 125 நாளாகும் என்கிறது அது. செலவில் பெரும்பாலான மாநிலங்கள் நூற்றுக்கு 40 பங்கை ஏற்க வேண்டும் என்கிறது. உடற்கூறு அடையாளச் சோதனையையும் கைப்பேசிக் கண்காணிப்பையும், இதுவரை சுற்றறிக்கைகளில் இருந்தவற்றை, சட்டத்தின் வாசகத்திலேயே ஏற்றிவிட்டது. நாட்களின் எண்ணிக்கையைப் பற்றியும் நிதிப் பங்கீட்டைப் பற்றியும் அரசியல் கட்சிகள் விவாதிக்கின்றன, விவாதிக்கட்டும். கண்காணிப்பைப் பற்றிய ஷரத்தைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. என் அபிப்பிராயத்தைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். வெட்டிய மண்ணை அளந்து கூலி கொடுக்க வேண்டும். படம் ஏறவில்லை, ரேகை விழவில்லை என்ற காரணத்துக்காக ஒரு நாள் கூலியைக்கூட மறுக்கக் கூடாது. யந்திரம் தவறினால் அதன் நஷ்டத்தை யந்திரத்தை வைத்தவர்களே ஏற்க வேண்டும். எடுத்த படங்கள் எங்கே, எத்தனை காலம், யார் பொறுப்பில் வைக்கப்படுகின்றன என்பதை அரசாங்கம் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். வருகைப் பட்டியல் எக்காரணம் கொண்டும் ரகசியமாகக் கூடாது.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. பெண்ணாடத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் வசிப்பவர்களும், வேலைக்காக வெளியூர் போய் விடுமுறைக்கு ஊர் திரும்புகிறவர்களும், அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். வருகைப் பட்டியலையும் கூலிக் கணக்கையும் எல்லார் காதிலும் விழும்படி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். படத்தாலும் ரேகையாலும் கூலி நின்றவர்களின் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, அதன் நகலை வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.